கல்யாணத்தில் முடியும் கதைகளுக்குள் யாருக்கு இடம்? 1950–60களின் கிரேக்க நகைச்சுவைப் படங்கள்

கேட்கப்பட்ட கேள்வி இது. போருக்குப் பிந்தைய கிரேக்க நகைச்சுவைப் படங்கள் சிலவற்றைப் பார்த்த ஒருவர், அவற்றில் ஏழையும் பணக்காரரும், கிராமத்தாரும் நகரத்தாரும், தீவுக்காரரும் மலைநாட்டவரும் ஒரே முற்றத்தில் நெருக்கியடித்து நிற்பதைக் கண்டிருக்கிறார். அக்காலச் சமூகத்தின் பன்மையை இப்படங்கள் உண்மையிலேயே காட்டினவா, அல்லது பன்மை என்று நம்மை நம்பவைத்தனவா என்பது அவருடைய ஐயம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வர்க்கம், வட்டாரம், ஆண்–பெண் உறவு ஆகிய மூன்றையும் இப்படங்கள் தாராளமாகவே காட்டின. ஆனால், கடைசிக் காட்சியில் ஒரு கல்யாணத்தால் தீர்த்துவைக்கக்கூடிய வேறுபாடுகளுக்குத்தான் கதைக்குள் இடம் கிடைத்தது. ஏழைப் பையன் பணக்காரப் பெண்ணை மணக்கலாம். கிராமத்தான் ஏதென்ஸ்காரியை மணக்கலாம். தொழிலாளி முதலாளி மகளையே மணக்கலாம். கல்யாணத்தால் தீராத வேறுபாடுகளை உடையவர்கள், அதாவது உள்நாட்டுப் போரில் தோற்ற இடதுசாரிகள், யூதர்கள், முஸ்லிம்கள், ஜிப்சிகள் எனப்படும் ரோமாக்கள், ஒருபால் விருப்பினர் ஆகியோர், திரையின் ஓரத்தில் பாட்டாகவோ கேலியாகவோ வந்துபோனார்கள். பலர் வரவே இல்லை.

இந்தப் படங்களின் மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். கிரேக்க நிழற்கூத்தான கராகியோசிஸில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பாவை உண்டு. மத்திய கிரேக்க மலைநாட்டு இடையனான பார்பா யோர்கோஸ், இத்தாலிய வாடையோடு பாடுவது போலப் பேசும் ஸாக்கிந்தோஸ் தீவின் தியோனிசியோஸ், பிரேயஸ் துறைமுகத்துச் சண்டியர் ஸ்டாவ்ராகஸ், தெசலோனிக்கி யூதர் சோலோமோன், சுல்தானின் அல்பேனியக் காவலன் வெலிகேகாஸ் என எல்லோரும் திரைத்துணிக்குப் பின்னால் வரிசையில் நிற்பார்கள். உடையையும் பேச்சையும் வைத்தே பார்வையாளர் ஆளை அடையாளம் கண்டுகொள்வார். மேடை நாடகத்திலும் இதே வழக்கம் பழையது. 1836இல் திமித்ரியோஸ் விசாந்தியோஸ் எழுதிய ‘பாபிலோனியா’ என்ற நாடகத்தில், பல வட்டாரத்துக் கிரேக்கர்கள் ஒரு விடுதியில் கூடி, ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல் அடிதடி வரை போய்விடுகிறார்கள். ஆகவே, வேறுபட்ட மனிதர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அந்த உரசலில் சிரிப்பு வரவழைப்பது, சினிமா கண்டுபிடித்த உத்தி அல்ல.

சினிமா அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மலைநாட்டு இடையனும் துறைமுகத்துச் சண்டியரும் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு திரைக்குள் வந்துவிட்டார்கள். சோலோமோனும் வெலிகேகாஸும் வெளியே நின்றுவிட்டார்கள். ஒட்டோமான் காலத்தின் பல மத, பல மொழி உலகத்தை நிழற்கூத்து நினைவில் வைத்திருந்தது. 1950களின் சினிமாவோ ஒரே மதம், ஒரே மொழி, ஒரே நாடு என்ற கோட்டுக்குள் நின்றுகொண்டு, அந்தக் கோட்டுக்குள் எத்தனை வகை மனிதர் உண்டோ அத்தனையையும் காட்டியது.

வட்டார வேறுபாட்டுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, நகைச்சுவை நடிகர் கோஸ்டாஸ் ஹட்ஸிகிறிஸ்டோஸ். அவர் தெசலோனிக்கி என்ற பெருநகரில் பிறந்தவர். ஆனால் மேடையிலும் திரையிலும் அவரை உயர்த்தியது, ‘திமியோஸ்’ என்ற பட்டிக்காட்டு வேடம். அழுத்தம் விழாத உயிரெழுத்துகளை விழுங்கிவிட்டுப் பேசும் வடக்கத்திக் கிரேக்கப் பேச்சை அவர் எடுத்துக்கொண்டார். வாக்கியமே மெய்யெழுத்துகளின் மூட்டையாக வந்து விழும். 1963இல் வந்த ‘தீஸ் ககோமீராஸ்’ என்ற படத்தில் அவர் ஸீகோஸ் என்ற மளிகைக் கடைப் பையன். கணக்குப் பார்ப்பது, தராசு நிறுப்பது, மாடி வீடுகளுக்குச் சரக்குக் கொண்டுபோவது என அவன் செய்யும் ஒவ்வொரு வேலையும் நகரத்து நாகரிகத்தோடு ஒரு சின்னச் சண்டையாகிறது. பார்வையாளர்களில் பெரும்பகுதியினர் கிராமத்திலிருந்து அப்போதுதான் நகரத்துக்கு வந்தவர்கள் என்பதை நினைவில் வைத்தால், இந்தச் சிரிப்பு ஒரு பக்கமாக மட்டும் பாயவில்லை என்பது தெரியும். ஸீகோஸைப் பார்த்துச் சிரித்தவர்கள், தாங்கள் சென்ற வருடம் பேசிய பேச்சைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அதே சமயம், அவனை ஏய்க்க நினைக்கும் நகரத்தார் மூக்குடைபடும்போது கைதட்டியவர்களும் அவர்களே.

மொழியில் இன்னொரு மேல்–கீழ் இருந்தது. அரசு அலுவலகம், நீதிமன்றம், பள்ளிக்கூடம் ஆகியவற்றில் ‘கதாரேவுசா’ என்ற செயற்கையான செந்நடை ஆண்டது. வீட்டிலும் தெருவிலும் பேச்சு மொழி. 1976 வரை இதுதான் நிலை. எனவே திரையில் ஒரு வக்கீலோ, தலைமை ஆசிரியரோ, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரியோ வாய் திறந்ததும் அந்தச் செந்நடை வரும். எதிரே நிற்கும் சமையல்காரி ஒரே ஒரு பேச்சுவழக்குச் சொல்லால் அதைக் கவிழ்த்துவிடுவாள். வசனவரிகளோடு பார்ப்பவர்களுக்கு இந்த நகைச்சுவையில் முக்கால்வாசி போய்விடுகிறது என்பது வருத்தத்துக்குரியது. அதிகாரத்தின் மொழியைப் பகிரங்கமாகச் சிரித்துக் கீழிறக்க அக்காலத்தில் கிடைத்த ஒரு சில இடங்களில் இந்தத் திரையரங்குகளும் ஒன்று.

வர்க்கம் இவ்வளவு வெளிப்படையாக வருவதற்குக் காரணம் தொழிலிலேயே இருக்கிறது. ஃபிலோபீமின் ஃபீனோஸ் 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவில், தன் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அது நாட்டின் மிகப் பெரிய படநிறுவனமாக வளர்ந்தது. 1968இல் கிரேக்கத்தில் விற்ற சினிமா டிக்கெட்டுகள் 13 கோடியைத் தாண்டின. நாட்டின் மக்கள்தொகை அப்போது 90 லட்சத்துக்கும் குறைவு. தொலைக்காட்சி அப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கோடையில் கூரையில்லாத திறந்தவெளி அரங்குகளில், சரளைக்கல் தரையில் நாற்காலி போட்டு, குடும்பம் குடும்பமாகப் படம் பார்த்தார்கள். ஏதென்ஸ் பெருநகரின் மக்கள்தொகை 1951இல் ஏறக்குறைய 14 லட்சமாக இருந்து 1971இல் 25 லட்சமானது. இவ்வளவு பேருக்கும் ஒரே படத்தை விற்க வேண்டுமென்றால், மேல்மாடிக்காரரும் அடித்தளக் குடித்தனக்காரரும் திரையில் இருந்தாக வேண்டும். இக்கதைகளில் பெரும்பாலானவை முதலில் ஏதென்ஸ் மேடைகளில் நடந்த நாடகங்கள். அலெகோஸ் சகெல்லாரியோஸும் கிறிஸ்டோஸ் யன்னாகோபூலோஸும் இணைந்து எழுதிய நாடகங்கள் மட்டுமே ஒரு நூலகத்தை நிரப்பும். நாடகக் கொட்டகையில் நடுத்தர வர்க்கம் பார்த்த வரவேற்பறைக் கதை, சினிமாவுக்கு வரும்போது தெருவையும் முற்றத்தையும் சேர்த்துக்கொண்டது.

அந்த முற்றம் தனியாகக் கவனிக்கத்தக்கது. நாலைந்து குடும்பங்கள் சுற்றிலும் ஒவ்வோர் அறையில் வாழ, நடுவில் ஒரு குழாயும் துணிக்கொடியும் இருக்கும் பழைய ஏதென்ஸ் முற்றம், இப்படங்களின் நிரந்தர அரங்கம். படங்கள் எடுக்கப்பட்ட அதே ஆண்டுகளில் இந்த முற்றங்கள் வேகமாக இடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. மனையைக் கட்டுநருக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு ஒன்றிரண்டு ஃபிளாட்டுகளைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு நகரம் முழுக்கப் பரவியது. அப்படிக் கிடைத்த ஃபிளாட்டுகளில் ஒன்று பெரும்பாலும் மகளின் சீதனமாகப் போனது. ஆக, முற்றத்தில் தொடங்கும் கதை ஃபிளாட்டில் முடிவது வெறும் காட்சி மாற்றமல்ல, ஒரு நகரத்தின் சொத்து கைமாறிய வழியே அதுதான்.

சீதனம் என்றால் என்ன என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. கிரேக்கத்தில் அது 1983 வரை சட்டப்படியான நிறுவனமாகவே இருந்தது. 1954இல் சகெல்லாரியோஸ் இயக்கிய ‘39 வயதுச் செல்வி’யில் வாசிலிஸ் லோகோதெடீடிஸ் நடித்த அண்ணனுக்குப் பல வருடங்களாக ஒருத்தியோடு நிச்சயமாகியிருக்கிறது, ஆனால் தங்கையை ஒருவர் கையில் பிடித்துக் கொடுக்கும் வரை அவன் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. படம் தங்கையைக் கேலி செய்வது போலத் தொடங்கினாலும், கொஞ்ச நேரத்தில் வேறொன்று தெரிகிறது: தங்கை, அண்ணன், காத்திருக்கும் நிச்சயப் பெண் ஆகிய மூவரின் வயதையும் ஒரே வழக்கம் தின்றுகொண்டிருக்கிறது. சிரிப்புப் படத்துக்குள் இவ்வளவு கசப்பை ஒளித்துவைக்க லோகோதெடீடிஸால் முடிந்தது. இன்று துருக்கிக்குள் இருக்கும் கிழக்குத் திரேஸில் பிறந்த அவர், 1960இல் இறக்கும் வரை, பையில் காசில்லாத, வாயில் மரியாதை குறையாத சிறு நடுத்தர மனிதனாகவே மக்கள் மனத்தில் நின்றார்.

இதற்கு மறுமுனை, 1957இல் அதே இயக்குநர் எடுத்த ‘சிகாகோ அத்தை’. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர்; நான்கு பெண்கள்; வீட்டில் படைமுகாம் ஒழுங்கு. ஒரெஸ்டிஸ் மக்ரிஸ் மீசையை முறுக்கிக்கொண்டு கத்தினால் வீடே நடுங்கும். அமெரிக்காவிலிருந்து அவருடைய அக்கா கல்லியோபி வருகிறாள். அத்தையாக நடித்த யோர்கியா வாசிலியாடூவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை: இளமையில் பாடகியாக மேடை ஏறியவர், சினிமாவில் பெரும்புகழ் பெற்றது ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு; சப்பிய கன்னம், நீண்ட மூக்கு, கரகரத்த குரல். அழகியரை மட்டுமே முன்னிறுத்திய தொழிலில் இந்த முகம் சுவரொட்டியில் பெரிதாக வந்தது. அத்தை வந்ததும் பழைய கனத்த மேசை நாற்காலிகளைத் தூக்கி எறிந்து வீட்டைப் புதுப்பிக்கிறாள். பெண்களுக்கு ஆடை மாற்றுகிறாள். பிறகு மாப்பிள்ளை தேடுவதற்கு அவள் கண்டுபிடிக்கும் வழி, மாடத்தில் நின்று தெருவில் போகும் தோதான இளைஞன் தலையில் பானையைப் போட்டுவிட்டு, அடிபட்டவனை உபசரிக்கிற சாக்கில் மேலே வரவழைப்பது. ஒவ்வொரு முறையும் பானை விழும் சத்தம் கேட்கும், கீழே ஓர் அலறல், அடுத்த காட்சியில் தலையைத் தடவிக்கொண்டு ஒரு மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்திருப்பான்.

இந்தக் காட்சிகளுக்குச் சிரித்துவிட்டுக் கொஞ்சம் நின்று பார்த்தால், அத்தை எதை மாற்றினாள், எதை மாற்றவில்லை என்பது புரியும். நாற்காலி மாறியது, பாவாடை நீளம் மாறியது, தகப்பனின் குரல் தாழ்ந்தது. ஆனால் நான்கு பெண்களின் வாழ்வுக்கும் கல்யாணம்தான் ஒரே வழி என்பதை டாலரோடு வந்த அத்தையும் மாற்றவில்லை. அந்த வழியை விரைவுபடுத்தினாள், அவ்வளவே. பெண்ணுக்கு விடுதலை கொடுத்த படம் என்று இதைப் புகழ்பவர்களோடு நான் இந்த இடத்தில் வேறுபடுகிறேன்.

வெளியுலகம் இதற்குள் வேறிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பெண்களுக்கு முழு வாக்குரிமை 1952இல் வந்தது; 1953 ஜனவரி இடைத்தேர்தலில் தெசலோனிக்கியிலிருந்து எலெனி ஸ்கூரா முதல் பெண் உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குப் போனார்; 1956இல் கோர்ஃபு தீவில் ஒரு பெண் மேயரானார். 1960இல் வாசிலியாடூவே ஒரு படத்தில் மேயர் வேட்பாளராக நிற்கிறார். அதே ஆண்டின் ‘மந்தலேனா’வில், தகப்பன் இறந்தபின் தம்பி தங்கைகளைக் காப்பாற்ற ஒரு பெண் படகோட்டத் தொடங்குகிறாள், பெண் ஓட்டும் படகில் ஏறுவதா என்று தீவே முகம் திருப்பிக்கொள்கிறது. அலீகி வுயுக்லாகி நடித்த இந்தப் படம் அன்டிபாரோஸ் தீவில் எடுக்கப்பட்டது. கூலிக்கு உழைக்கும் ஒரு பெண்ணின் சிக்கலை அதன் முதல் பாதி வியக்கத்தக்க நேர்மையோடு காட்டுகிறது. இரண்டாம் பாதியில், எதிர்ப் படகுக்காரனின் மகனோடு காதல் வந்து, சிக்கல் கரைந்துவிடுகிறது. 1964இல் ஜெனி கரெஸி நடித்த ‘செல்வி இயக்குநர்’ இன்னும் கூர்மையானது. பொறியியல் நிறுவனமொன்றுக்குத் தலைமை ஏற்கும் படித்த பெண்ணைக் கீழே வேலை செய்யும் ஆண்கள் நம்ப மறுக்கிறார்கள்; திறமையால் அவர்களை வென்றுவிடுகிறாள். ஆனால் தன் கீழ் வேலை செய்பவனைக் காதலிக்கத் தொடங்கியதும், கண்ணாடியைக் கழற்றி, கூந்தலை மாற்றி, அவளைப் பெண்ணாக்குவதே படத்தின் வேலையாகிறது. அறிவால் வென்றவள் அலங்காரத்தால்தான் ஏற்கப்படுவாள் என்ற தீர்ப்பைப் படம் சிரித்துக்கொண்டே வழங்குகிறது.

கன்னத்தில் விழும் அறையும் இந்தச் சிரிப்பின் ஒரு பகுதி. 1959இல் வந்த வுயுக்லாகியின் பெரும் வெற்றிப் படத்துக்குத் தலைப்பே ‘அடி சொர்க்கத்திலிருந்து வந்தது’ என்ற பழமொழி. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று நாம் சொல்வதன் உடன்பிறப்பு. பணக்காரப் பெண்கள் பள்ளிக்கு வந்த இளம் ஆசிரியர் துடுக்கான மாணவியை அறைகிறார். அந்த அறையிலிருந்தே காதல் முளைக்கிறது. இதைக் காலத்தின் வழக்கம் என்று தள்ளிவிடலாம் என்பவர்களுக்கு, அதே காலத்தில் வேறு மாதிரி சிந்தித்த படம் ஒன்றும் உண்டு என்று நினைவூட்ட வேண்டும். யோர்கோஸ் சவெல்லாஸ் 1965இல் எடுத்த படத்தின் தலைப்பு, எபேசியர் நிருபத்தின் ‘மனைவியும் புருஷனிடத்தில் பயபக்தியாயிருக்கக்கடவள்’ என்ற வசனம். ஆர்த்தடாக்ஸ் திருமணத்தில் இந்த வசனம் வாசிக்கப்படும்போது மணமகள் மணமகன் காலை மிதிப்பது வேடிக்கையான வழக்கம். படத்தில், அரசு ஊழியன் ஒருவன் தாலி கட்டாமல், அவர்கள் வழக்கப்படி சொன்னால் மணமுடி சூட்டாமல், ஒருத்தியைப் பல வருடங்கள் வீட்டில் வைத்திருக்கிறான். அவள் சமைக்கிறாள், துவைக்கிறாள், அவன் அதட்டலுக்கு அடங்கிக் கிடக்கிறாள். ஊரார் சொல்லுக்காக அவன் முடி சூட்டியதும் அவளுக்குக் குரல் வந்துவிடுகிறது. கல்யாணம் கதையின் முடிவாக இல்லாமல் நடுவில் வருவதால், கல்யாணத்துக்குள் யார் யாரை ஆள்கிறார்கள் என்ற கேள்வியை இந்தப் படத்தால் கேட்க முடிந்தது. அவளாக நடித்த மரோ கோன்டு முதல் பாதியில் தலை குனிந்தும் இரண்டாம் பாதியில் நிமிர்ந்தும் நடக்கும் நடையைப் பார்த்தாலே போதும்.

இனி, காட்டப்படாதவற்றுக்கு வருவோம். 1946 முதல் 1949 வரை கிரேக்கம் உள்நாட்டுப் போரில் வெந்தது. கம்யூனிஸ்ட் கட்சி 1947இல் தடை செய்யப்பட்டது. பல்லாயிரம் பேர் தீவுச் சிறைகளுக்குப் போனார்கள். அரசு வேலை முதல் ஓட்டுநர் உரிமம் வரை, ஆள் இடதுசாரி அல்ல என்று போலீஸ் தரும் ‘சமூக நம்பிக்கைச் சான்றிதழ்’ இல்லாமல் நடக்காது. குடும்பத்தில் ஒருவர் இடதுசாரி என்றால் எல்லோருடைய பிழைப்பும் போயிற்று. ஆக்கிரமிப்புக் காலமான 1942இல் வந்த தணிக்கைச் சட்டம் போர் முடிந்தும் நீடித்தது. திரைக்கதையே முன்னனுமதிக்குப் போக வேண்டும். இந்தப் படங்களில் வேலை தேடும் இளைஞர்களை எண்ணி மாளாது. ஒருவனிடமும் யாரும் அந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. வறுமைக்குக் காரணம் துரதிருஷ்டம், கஞ்ச முதலாளி, அல்லது அதிகப் பெண் பிள்ளைகள்; அரசியல் ஒருபோதும் காரணமல்ல.

ஆனால் நடித்தவர்களுக்கு அரசியல் தெரியும். பராரி, பிச்சைக்காரர் வேடங்களில் நாட்டையே சிரிக்க வைத்த மிமிஸ் ஃபோடோபூலோஸ், ஏதென்ஸில் இடதுசாரிகளுக்கும் பிரிட்டிஷ், அரசுப் படைகளுக்கும் நடந்த 1944 டிசம்பர் மோதல்களையடுத்து பிரிட்டிஷாரால் பிடிக்கப்பட்டு எகிப்தின் எல் தாபா முகாமில் அடைக்கப்பட்டவர். பிற்பாடு அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். தனாசிஸ் வெங்கோஸ் ராணுவ சேவைக் காலத்தை, இடதுசாரிகளை அடைத்துவைத்த மக்ரோனிசோஸ் தீவு முகாமில் கழித்தவர். அங்கேதான் இயக்குநர் நிகோஸ் கூந்தூரோஸைச் சந்தித்தார், அந்தச் சந்திப்பு வழியாகவே சினிமாவுக்கு வந்தார். வெங்கோஸ் திரையில் நடப்பதே இல்லை, ஓடுவார். மூச்சு வாங்க, எதையோ பிடிக்கவோ எதனிடமிருந்தோ தப்பவோ ஓடிக்கொண்டே இருப்பார். அந்த ஓட்டத்தை முகாமோடு முடிச்சுப்போடுவது மிகையாகலாம். இருந்தாலும், சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லாமலே நடிக்கக்கூடிய உடல்கள் இப்படங்களில் இருந்தன என்பது உண்மை.

அரசியலை நேராகத் தொட்ட அபூர்வப் படம், போர் இன்னும் ஓயாத 1948இல் வந்த ‘ஜெர்மானியர் மீண்டும் வருகிறார்கள்’. அக்கம்பக்கத்தார் ஓயாமல் சண்டை போடும் ஒரு முற்றத்தில், லோகோதெடீடிஸ் கண்ணயர்கிறார். கனவில் ஜெர்மானியர் திரும்பி வந்துவிடுகிறார்கள். சண்டை போட்டவர்கள் எல்லாம் பயத்தில் ஒன்றாகிறார்கள். மனிதர்கள் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வியை இந்தப் படத்தில் கேட்பவன், மனநோய் விடுதியிலிருந்து தப்பி வந்த ஒருவன். புத்தியுள்ளவன் வாயில் அந்த வசனத்தை வைக்க முடியாத காலம் அது. படம் இரு தரப்பையும் ஒரே தராசில் வைத்து, ‘எல்லோரும் ஒரு வீட்டார்தானே’ என்று சமாதானம் சொல்கிறது. வென்ற தரப்பு மற்றதைச் சிறையில் வைத்திருக்கும்போது இந்தச் சமத்துவம் போலியானது என்று வாதிடலாம். 1948இல் அதற்கு மேல் எதைச் சொல்லியிருக்க முடியும் என்றும் வாதிடலாம். எனக்கு இரண்டாவது வாதமே வலுவாகப் படுகிறது.

1960களின் நடுவில் கட்டு கொஞ்சம் தளர்ந்தது. 1965இல் வந்த சகெல்லாரியோஸ் படமொன்றில், லாம்ப்ரோஸ் கோன்ஸ்டன்டாரஸ் நடித்த மாவ்ரோயலூரோஸ் என்ற மந்திரி, தான் யாரென்று தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில், தன் தொகுதியிலேயே தங்க நேர்கிறது. விருந்து சாப்பிடும் வீட்டில், தன் பெயரை அவர்கள் சபிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காட்சி அபாரமானது, ஆனால் குற்றம் முழுவதும் மந்திரியின் தொகுதி ஏஜென்டின் தலையில் விழுந்து, மந்திரி கண் திறந்த நல்லவராகிவிடுகிறார். மறுவருடம் ‘என் மகள் சோஷலிஸ்டு’ படத்தில், லண்டனில் படித்துவிட்டு வந்த ஆலை முதலாளி மகள் தொழிலாளர் பக்கம் நிற்கிறாள். தொழிலாளர் தலைவன் இளைஞன், அழகன். எனவே கூலித் தகராறு எப்படித் தீரும் என்று இடைவேளைக்கு முன்பே தெரிந்துவிடும்.

சிறுபான்மையினரைப் பொறுத்தவரை சொல்ல அதிகமில்லை, ஏனென்றால் படங்களில் அதிகமில்லை. தெசலோனிக்கியின் யூதர்களில் 40,000க்கும் மேற்பட்டோர் 1943இல் நாடு கடத்தப்பட்டு, மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். நூற்றாண்டுகளாக அந்நகரின் பெரும் சமூகமாக இருந்தவர்கள், பத்தாண்டு கழித்து எடுத்த படங்களில் ஒரு கடைப் பெயராகக்கூடத் தென்படுவது அரிது. மேற்குத் திரேஸின் முஸ்லிம்களும் வடக்கின் ஸ்லாவிய மொழி பேசுவோரும் இந்தத் திரையைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. ரோமாக்கள் மட்டும் வருவார்கள்: கூடாரம், தீ, ஜோசியம், ஒரு பாட்டு, அதோடு சரி. மனோலிஸ் ஆங்கெலோபூலோஸ் போன்ற ரோமா பாடகரின் குரல் 1960களில் நாடெங்கும் ஒலித்தது. குரலுக்குக் கிடைத்த இடம் கதைக்குள் ஒரு முழு மனிதனுக்குக் கிடைக்கவில்லை. 1923 மக்கள் பரிமாற்றத்தில் ஆசியா மைனரிலிருந்து வந்த பன்னிரண்டு லட்சம் அகதிகளின் நிலை இதற்கு நேர்மாறு. அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் படமெங்கும் இருக்கிறார்கள், சமையலில், பாட்டில், குடியிருப்புகளில். அகதி என்ற பெயரோடு மட்டும் அரிதாகவே வருகிறார்கள்.

ஒருபால் விருப்பினர் ஒரே ஓர் அச்சில் வந்தார்கள்: வளைந்த மணிக்கட்டு, மெல்லிய குரல், தையல்காரர் அல்லது சிகையலங்காரர். 1966இல் ஸ்டாவ்ரோஸ் பராவாஸ் ஃபீஃபிஸ் என்ற அத்தகைய பாத்திரத்தைத் தலைப்பு நாயகனாகவே நடித்தார். இதில் இரண்டு விஷயம் உண்டு. ஃபீஃபிஸ் கேலிப்பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் யூதரைப் போல, தோற்ற இடதுசாரியைப் போல அவன் இல்லாதவனாக ஆக்கப்படவில்லை. பேசுகிறான், பதிலடி கொடுக்கிறான், முற்றத்தில் எல்லோருக்கும் அவனைத் தெரியும். கேலிக்குரிய இருப்புக்கும் முழு இல்லாமைக்கும் நடுவில் எது மேல் என்பதை அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பார்க்க விரும்புகிறவர், ‘சிகாகோ அத்தை’யையும் ‘செல்வி இயக்குநர்’ படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, சவெல்லாஸின் 1965 படத்துக்குப் போகலாம். சவெல்லாஸிடம் பிடிப்பு ஏற்பட்டால், ஒரு கள்ளப் பவுன் கை மாறிக் கை மாறிச் செதுக்குக்காரர், குருடனாக நடிக்கும் பிச்சைக்காரன், கஞ்ச வீட்டுக்காரர், ஏழை ஓவியன் ஆகிய நால்வரின் கதைகளைக் கோக்கும் அவருடைய 1955ஆம் ஆண்டுப் படத்தை விட்டுவிட வேண்டாம். வர்க்கங்களை ஏணியாக அடுக்கி, ஒவ்வொரு படியிலும் நின்று பார்த்த படம் அதுபோல் இன்னொன்று இல்லை. எந்தப் படமானாலும், கதாநாயகியை விட்டுவிட்டு, காபித் தட்டோடு கதவோரம் நிற்கும் வேலைக்காரப் பெண்ணைக் கொஞ்ச நேரம் கவனிக்கவும். தீவிலிருந்தோ மலைக்கிராமத்திலிருந்தோ சின்ன வயதில் அனுப்பப்பட்ட அவளுக்கு வட்டாரப் பேச்சு உண்டு, நல்ல வசனம் உண்டு, எல்லோர் ரகசியமும் தெரியும். சில படங்களில் அவளுக்கும் கடைசியில் ஒரு கடைப் பையனைப் பிடித்துக் கல்யாணம் செய்துவைத்துவிடுவார்கள். மற்றவற்றில், கதாநாயகியின் நிச்சயதார்த்த விருந்தில் தட்டுகளை எடுத்துக்கொண்டு அவள் சமையலறைக்குப் போய்விடுவாள்.